அவரைப் பந்தலுக்குப் பதில்

மரம் அறுக்கும் செயின்சா வாங்கக் கடைக்குப் போனபோது என் மனத்தில் இருந்தது வன்மம் மட்டும்தான். அதை மறைப்பானேன்.

கடல் தாண்டி வந்து குடியேறிய பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒவ்வொரு கோடையிலும் அவரைப் பந்தல் போடுவேன். இங்கே அவரை செப்டம்பரில்தான் பூக்கும். பனி விழுந்ததும் கருகிவிடும். நடுவில் கிடைக்கும் கொஞ்சம் காய்க்காகத்தான் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றுவது. அந்த ஆண்டு பந்தல் முழுக்க ஊதாப் பூவாக நின்றபோது குடியிருப்பு அசோசியேஷன் ஆள் வந்தார். பந்தல் அனுமதியில்லாத கட்டுமானமாம், உடனே பிரிக்க வேண்டுமாம். பூவோடு கொடியை இழுத்துக் குப்பைப் பையில் திணித்தேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

புகார் செய்தது யார் என்பது பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாயிலிருந்தே வந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. எங்க வீட்டுக்காரர்தான் கம்ப்ளெய்ன்ட் பண்ணிட்டார். எங்க மாடிலேர்ந்து பாத்தா வ்யூ ஸ்பாயில் ஆகுதாம்."

அந்த அங்கிள்தான் அதுவரை ஒவ்வொரு வருடமும் என் அவரைக்காயைக் கிண்ணம் கிண்ணமாக வாங்கித் தின்றவர்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே, என் மண்ணில், ஆளுயரத்துக்கு மேல் ஓர் உயிர்வேலி வளர்ந்து நின்றது. அதன் மறைவில்தான் அங்கிள் தன் வீட்டுப் பின்புற மரத்தள டெக்கில் பனியனும் லுங்கியுமாகக் கால் நீட்டிக் கிடப்பார். எங்களுடையது முனை வீடு, எங்கள் பக்கத் தெருவுக்கு ஒன்றும் தெரியாது. அந்த மறைவைப் பிடுங்க வேண்டும், ஆனால் என் வேலி சாகக் கூடாது. அதற்கும் யூட்யூபில் வழி கிடைத்தது. ஒவ்வொரு தண்டையும் அடியில் சரிவாக முக்கால்வாசிக்கு மேல் அறுத்து, மிச்சம் ஒட்டியிருக்கும் பட்டை முறியாமல் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைப்பது. செடி பிழைத்துக்கொள்ளும், வேலி இடுப்பளவுக்கு இறங்கிவிடும். அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கடையில் முதலில் பெட்ரோல் செயின்சாவைத்தான் தூக்கிப் பார்த்தேன். அதன் சத்தத்தில் அங்கிளின் மதியத் தூக்கம் போகட்டும் என்ற ஆசை. என்ன அறுக்கப் போகிறீர்கள் என்று விற்பனைப் பெண் கேட்டாள். வேலியை என்றேன், யாருக்காக என்பதைச் சொல்லவில்லை. நெருக்கமான தண்டுகளுக்குள் நீளமான பிளேடு போனால் நுனி எதிலாவது இடித்து முகத்துக்கே எகிறும் என்றாள். ஒவ்வொரு தண்டுக்கும் நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டிய வேலை. பெட்ரோல் என்றால் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்யக் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும். கடைசியில் குட்டைப் பிளேடு வைத்த பேட்டரி செயின்சாவை எடுத்தேன். சத்தத்தை விட்டுக்கொடுக்கத்தான் மனம் வரவில்லை. ஆனால் பழி வாங்கிய பிறகு சிரிக்க முகம் முழுசாக இருக்க வேண்டுமே.

வாங்கி வந்த வாரமே ஆயுத பூஜை. இலை உதிர்ந்த பிறகுதான் வேலியைச் சாய்க்க முடியும் என்பதால், செயின்சாவும் சந்தனம் குங்குமத்தோடு லேப்டாப், கார் சாவி பக்கத்தில் உட்கார்ந்தது. மனஸ்தாபம் என்றாலும் பூஜைக்கு அழைக்காமல் விட எங்கள் ஈரோட்டுப் பக்கம் வழக்கமில்லை. அங்கிளும் ஆன்ட்டியும் வந்தார்கள். அங்கிள் செயின்சா முன்னால் கண்மூடி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"புதுசாம்மா? எதுக்கு?"

"வேலியைக் கொஞ்சம் சரி பண்ணலாம்னுங்க அங்கிள்."

"குட், குட். கண்டிப்பா பண்ணு, நீட்டா இருக்கும்." சுண்டலை மென்றுகொண்டே கேட்டார்: "ஆமா, இந்த வருஷம் அவரைக்காயே குடுக்கலையே?"

ஆன்ட்டி தரையைப் பார்த்தார். எனக்கு மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அங்கேயே போனது.

குளிர் வந்ததும் நான் அறுக்க, என் வீட்டுக்காரர் சாய்த்தார். வேலி முழுக்கப் படுத்த பிறகு, குளிர் ஜாக்கெட்டும் லுங்கியுமாக டெக்குக்கு வந்த அங்கிளைப் பார்த்துத் தெருவில் நாயோடு போன ஒருவர் கையாட்டினார். அங்கிள் பதறிப்போய் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா பண்ணிட்ட? எங்க பிரைவசி என்ன ஆறது?"

"நீங்கதானுங்களே அங்கிள், நீட்டா இருக்கும்னீங்க."

அடுத்த கோடையில் வேலியடியில் அவரை விதை ஊன்றினேன். வேலி செடிதானே, கட்டுமானம் இல்லையே. அசோசியேஷன் ஆள் வந்து பார்த்தார், பிரிக்க எதுவும் இல்லையென்று திரும்பிப் போனார். கொடி படர்ந்து, காய் பாதிக்கு மேல் அங்கிள் பக்கமே தொங்கியது. கை நீட்டினால் எட்டும். ஆனால் பறித்தால் தெருவே பார்க்கும்.

பேண்ட் சட்டையோடு டெக்கில் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் வேலிக்கு மேலே சாய்ந்து எட்டி எட்டி அவர் பக்கத்துக் காயை முதலில் பறித்தேன்.