நியூயார்க்கிலிருந்து வந்த கார்டு

தொண்ணூற்றொன்றில் நாங்கள் வடக்குப்பட்டில் இருந்தோம். என் ஓரகத்தி செல்விக்குப் படிக்கத் தெரியாது. நியூயார்க்கில் ஒரு கிளப்பில் வேலை பார்த்த அவள் தம்பி படம் போட்ட கார்டு அனுப்புவான். நான்தான் படித்துச் சொல்வேன். என் அண்ணன்மார் பக்கத்திலிருக்கும் குன்றத்தூரைத் தாண்டியதில்லை. எனக்கு வயிறெரியும்.

ஒருமுறை, நாடக அரங்குகள் வரிசையாக ஜொலிக்கும் தெருவின் படம் வந்தது. பின்னால், 'அக்கா, இந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம், என்னை வளர்த்த உனக்கு இதைக் காட்டணும்னு தோணுது' என்று எழுதியிருந்தான்.

"இன்னா எழுதிக்கீறான்?" என்றாள் செல்வி.

"சௌக்கியமாம். அவ்ளோதான்."

அவள் முகம் வாடியது. ஆனாலும் கார்டை என் கையிலேயே வைத்தாள். "நீயே வச்சுக்க. எவ்ளோ ஆசையா பாத்துக்கினு கீற!"

இன்றும் அது என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. செல்வி வரும்போதெல்லாம் நின்று பார்ப்பாள். கார்டைத் திருப்பி, பின்னால் இருப்பதைப் படித்துக் காட்ட எனக்கு இன்னும் வாய் வரவில்லை.