குடைக் கடை வாசலில் ஒரு பொட்டு: லூயிஷாமிலிருந்து எட்மண்டன் வரை

போன மாதம், சரஸ்வதி பூசை முடிந்து இரண்டாவது சனிக்கிழமை, லூயிஷாமிலிருந்து எட்மண்டனுக்குப் போய் வந்தேன். லண்டனுக்குள்ளே போய் வருவதெல்லாம் ஒரு பயணமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆனால் பழைய தைவான் படத் தபாலட்டைகளைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, "வாங்குகிறவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாமா, எப்படிப் போவது, எவ்வளவு காசு முடியும்" என்று நாலைந்து பேராவது கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்காக வழியும் செலவும் தருகிறேன். நடந்ததையும் ஒளிக்காமல் எழுதச் சொல்லி என்ரை மனிசி சொல்லிப்போட்டா. அதுதான் கஷ்டமான பகுதி.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் யாழ்ப்பாணத்துக்காரன். கிழமை நாட்களில் கவுன்சிலின் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறேன். சனி, ஞாயிறில் தபாலட்டை வாங்கி விற்கிறேன். பழைய சாமான் விற்கிற ஒரு கார் பூட் சந்தையில் பத்துப் பவுணுக்கு ஒரு சப்பாத்துப் பெட்டி அட்டைகள் வாங்கினதில் தொடங்கியது இது. மேலே கிடந்த இரண்டு அட்டைகளில் சிலோன் என்று இருந்தது, உள்ளே முழுக்க எங்கடை ஊர்தான் என்று புளுகத்தோடு துள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பார்த்தால் மிச்சம் அத்தனையும் தைவான். ஜப்பான்காரர் ஆண்ட காலத்துத் துறைமுகங்கள், கற்பூர மரங்கள், கடைத்தெருக்கள். பிறகுதான் தெரிந்தது, அதற்கு நல்ல கிராக்கி இருக்கிறது என்று. இன்றுவரை நான் தைவானைக் கண்ணால் கண்டதில்லை. கேட்டால் மட்டும் எல்லாம் தெரிந்த ஆள் மாதிரிக் கதைப்பேன்.

என்னுடைய இணையக் கடையில் கீலுங் என்ற துறைமுக ஊரின் தெரு ஒன்று கிடந்தது. கையால் நிறம் தீட்டிய அட்டை, விலை நாற்பத்தைந்து பவுண். அதைப் பார்த்துவிட்டு எட்மண்டனிலிருந்து மிஸ் லின் என்ற பெண் எழுதியிருந்தா. இடது பக்கத்தில் மூன்றாவதாக இருக்கும் குடைக் கடை தன் அப்பா பிறந்த வீடு என்றா. அப்பாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சண்டையில் குண்டு விழுந்து கடையும் போய், கடைக்குள் நின்ற அவருடைய அம்மாவும் போய்விட்டா. அம்மாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மழை பெய்தால் அவ எப்போதும் கடை வாசலில்தான் நிற்பாவாம்.

"வாசலில் ஏதோ தெரிகிறது. ஆனால் உங்கள் கடைப் பெயர் அதற்கு மேலாகப் போகிறது. அங்கே யாராவது நிற்கிறார்களா?" என்று கேட்டிருந்தா.

ஆட்கள் படத்தைக் களவெடுத்து விடுவார்கள் என்று, விற்கப் போடுகிற ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் என்ரை கடைப் பெயரைக் குறுக்காக எழுதிவிடுவேன். ஃபோனில் இடம் காணாதபடியால், பெயர் இல்லாத முதல் படத்தை அழித்துவிடுவதும் என் பழக்கம். ஆகவே அந்த வாசலைச் சுத்தமாகப் பார்ப்பதென்றால் அட்டையைத்தான் பார்க்கவேண்டும். அட்டையோ அப்போது சுத்தமாக இல்லை.

சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் புத்தகங்களோடு தொழில் சாமான்களையும் சாமிக்கு முன்னால் வைப்போம். பிள்ளைகளின் கொப்பிகள், மனிசியின் தையல் கத்தரிக்கோல், என் வான் திறப்புக் கோர்வை, அதோடு தபாலட்டைப் பெட்டி. எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைப்பது என் வேலை. பெட்டியின் மூடி அலுமாரிக்கு மேல் கிடந்தது, எழும்பி எடுக்கப் பஞ்சி, சோம்பல். வியாபாரம் நல்லாய் வரட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மேலே கிடந்த அட்டையிலேயே வைத்துவிட்டேன். உறைகூட இல்லை. எண்ணி நூறு அட்டை இருக்கிற பெட்டியில், மேலே கிடந்தது கீலுங் தெரு.

அடுத்த நாள்தான் கண்டேன். பஞ்சை நனைத்துத் துடைத்தேன். கையால் தீட்டிய நிறம் தண்ணீர் பட்டால் நிற்குமா? குங்குமத்தோடு சேர்ந்து நிறம் வந்தது, நிறத்தோடு படமும் வந்தது. கடைசியில் ஐந்து பென்ஸ் குத்திக் காசு அளவுக்கு ஒரு வெள்ளை, அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு. இடது பக்கம், மூன்றாவது கடை, வாசல். இரண்டு நாள் கழித்துத்தான் மிஸ் லின்னின் கேள்வி வந்தது.

நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? "நேரில் கொண்டுவந்து தருகிறேன், அப்பாவே பார்க்கட்டும்" என்று. அவ மெத்தப் பெரிய நன்றி சொல்லி எழுதினா. உண்மை என்னவென்றால், தபாலில் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிட்டுக் கடைக்குக் கெட்ட விமர்சனமும் எழுதுவார்கள். வீட்டுக்குப் போய் நின்றால் முகத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல ஆட்களுக்கு வெட்கமாக இருக்கும். அதை நம்பித்தான் வெளிக்கிட்டேன். அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, விலைச் சீட்டை உறையின் மூலையில் ஒட்டாமல் சரியாக அந்த வெள்ளைக்கு மேல் ஒட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற மனிசி, "உந்த வேலையெல்லாம் செய்யத் தெரிஞ்ச உங்களுக்கு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல ஏலாதோ?" என்று கேட்டா. கேட்காத மாதிரிச் சப்பாத்தைப் போட்டேன்.

சரி, வழி. லூயிஷாமில் டி.எல்.ஆர். ரயில் பத்தேகாலுக்கு எடுத்தேன். பாங்க் நிலையத்துக்குக் கிட்டத்தட்ட இருபத்தைந்து நிமிடம். முன் பெட்டியில் முன் சீட் கிடைத்தால் விடாதேங்கோ, சாரதி இல்லாத ரயில், நீங்களே ஓட்டுகிற மாதிரி இருக்கும். பாங்கில் இறங்கி நிலத்துக்குக் கீழே அலையவேண்டாம், மேலே ஏறி லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். அங்கிருந்து ஓவர்கிரவுண்ட் ரயில் எட்மண்டன் கிரீனுக்கு இன்னொரு இருபத்தைந்து நிமிடம். வங்கி அட்டையைத் தட்டினால் போதும், போக வர பதினைந்து பவுணுக்கு மேல் போகாது, ஆனால் ஏறும்போது தட்டிய அதே அட்டையால் இறங்கும்போதும் தட்டவேண்டும். தபாலட்டைகளை மடியில் வைக்கிறவர்கள் இரண்டு தடித்த காட்போட்டுக்கு நடுவில் வையுங்கள். நான் அப்படித்தான் வைத்தேன், ஏதோ பெரிய பொக்கிஷத்தைக் காப்பாற்றுகிறவன் மாதிரி.

எட்மண்டன் கிரீன் சந்தையில் ஒரு கிண்ணம் தோடம்பழம் ஒரு பவுண். வெறுங்கையோடு போகக்கூடாது என்று இரண்டு கிண்ணம் வாங்கினேன். குற்றம் செய்கிற ஆளுக்கும் மரியாதை தெரிகிறது பாருங்கள். அங்கிருந்து அவர்கள் வீடு பதினைந்து நிமிட நடை. பஸ்ஸும் இருக்கிறது, நான் நடந்தேன். எனக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை.

மிஸ் லின்னுக்கு ஐம்பது வயதிருக்கும். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன், அவவுக்குச் சந்தோசம். தோடம்பழத்தைக் கண்டதும் இன்னும் சந்தோசம், வாங்கிக்கொண்டு நேரே போய்ச் சுவரோடு இருந்த சாமித் தட்டில் வைத்தா. சிவப்பு விளக்கு, ஊதுபத்திக் கிண்ணம். எங்கள் வீட்டுச் சாமி அறைக்கு வந்த மாதிரி இருந்தது. அவவின் அப்பா, லின் ஐயா, உடுத்தி வெளிக்கிட்டுக் காத்துக்கொண்டு இருந்தார். சனிக்கிழமை மத்தியானம், வீட்டுக்குள், கோட்டு. மடியில் ஒரு பூதக்கண்ணாடி.

ஐயா ஆங்கிலம் கொஞ்சம்தான் கதைப்பார், மகள் மொழிபெயர்த்தா. அவர் உறையிலிருந்து அட்டையை எடுத்தார். விலைச் சீட்டு உறையோடு போய்விட்டது, அதைப்பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. தெரு முனையிலிருந்து ஒவ்வொரு கடையாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டு வந்தார். மருந்துக் கடை, அரிசிக் கடை, பிறகு தொங்குகிற அந்தப் பெரிய மரக் குடை. குடையைக் கண்டதும் சத்தமாகச் சிரித்தார். கண்ணாடியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார். இறக்கினவர் அசையவில்லை.

மகள் குனிந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று என்னிடம் கேட்டா. பழைய கறை, என்னிடம் வரும்போதே இருந்தது என்றேன். வாய் கூசவில்லை. அதுதான் இப்போதும் எனக்கு நம்ப ஏலாமல் இருக்கிறது.

ஐயா அட்டையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். உறைக்குள் அடைபட்டுக் கிடந்த வாசம். மகளுக்கு அவர் ஏதோ வேகமாகச் சொன்னார், முகம் மலர்ந்துவிட்டது. சந்தனம் மணக்கிறதாம். எங்கள் கீலுங் ஊரில் யாரோ இதைத் தங்கள் வீட்டுச் சாமித் தட்டில் இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார்கள், ஊதுபத்தி பட்டுப் பட்டுத்தான் இப்படி ஆகியிருக்கிறது என்கிறார் அப்பா, அப்படி இருக்குமா என்று மகள் கேட்டா.

"இருக்கலாம்," என்றேன்.

அவர் எழும்பிப் போய் அட்டையைச் சாமித் தட்டில், என் தோடம்பழத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஊதுபத்தி கொளுத்தி மூன்று தரம் குனிந்து கும்பிட்டார். எனக்கும் ஒன்று தந்தார். நானும் கும்பிட்டேன். தேத்தண்ணி குடித்தேன். காசையும் வாங்கிப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்மண்டன் கிரீன் நிலையத்தில் ரயில் வர நேரம் இருந்தது. நடைமேடையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சந்தனம் லூயிஷாமில் எங்கள் ஆட்களின் கடையில் ஒரு பவுணுக்கு வாங்கின டப்பா. இனி ஒவ்வொரு நாளும் அந்த மனிசன் அதை மணந்து பார்த்து, தன் தாயின் தெரு என்று நினைக்கப் போகிறார். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடும் சண்டையில் இப்படித்தான் போனது. எங்களிடமும் ஒரு படம் கிடையாது. உலகத்திலேயே இது விளங்கவேண்டிய ஆள் நான். எனக்கு என் மீதே அருவருப்பு வந்தது. ரயில் வந்தது, போனது. நான் திரும்பி நடந்தேன்.

கதவைத் திறந்த மிஸ் லின், குடையை மறந்துவிட்டேனா என்று கேட்டா. நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, பொட்டு, பஞ்சு, விலைச் சீட்டு, பழைய கறை என்ற பொய், இருக்கலாம் என்ற பொய். காசை நீட்டினேன். அவ வாங்கவில்லை. முகம் இறுகிவிட்டது. "அவருக்கு இதை நான் சொல்லவேண்டும், இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனா. உள்ளே வரச் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

ஐயா தானே நடந்து வந்தார், இன்னும் அதே கோட்டுடன். கோபப்படுவார், ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லாய் இருந்திருக்கும். அவர் ஒரு கேள்விதான் கேட்டார், மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னா.

"துடைக்க முன்னம் பார்த்தீர்களா? வாசலில் யாராவது நின்றார்களா?"

ஓம், ஒரு பெண் நின்றா என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதுவும் ஒரு உபகாரம்தானே என்று மனம் வேறு சொன்னது. ஆனால் அந்த வீட்டில் நான் சொல்லிய பொய் போதும். நாலு வருடம் அந்த அட்டை என் பெட்டியில் கிடந்தது. பெயர் எழுதினேன், விலை எழுதினேன், பொட்டு வைத்தேன். ஒரு நாளும் வாசலைப் பார்க்கவில்லை.

"பார்க்கவில்லை," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். மகள் அதை மொழிபெயர்த்தா.

"அந்தச் சிவப்பை அப்படியே விட்டிருக்கலாம் என்கிறார். விட்டிருந்தால், அம்மா அதற்குக் கீழே நிற்கிறா என்று தான் நினைத்திருப்பாராம்."

அட்டையை அவர் திருப்பித் தரவில்லை. காசை வாசலில் இருந்த சப்பாத்துத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். வரும்போது அதே வழி, ஒன்றேகால் மணித்தியாலம். லூயிஷாமில் மனிசி சாப்பாடு போட்டுத் தந்தா. நானாகத்தான் சொன்னேன்.

இனி இந்த வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு. சனிக்கிழமைகளில் லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் சில நேரம் ரயில் பாதைத் திருத்த வேலை நடக்கும், வெளிக்கிட முன்னம் பார்த்துக்கொள்ளுங்கள். எட்மண்டன் சந்தையில் சில்லறைக் காசு உதவும். அட்டை வாங்கின அன்றே உறைக்குள் போடுங்கள், பூசைக்கு வைத்தாலும் உறையோடு வையுங்கள். நிறம் தீட்டிய அட்டையில் தண்ணீர் படவே கூடாது. படத்தில் கடைப் பெயர் எழுதுவதென்றால் வானம் தெரிகிற இடத்தில் எழுதுங்கள், ஆட்கள் இருக்கிற இடத்தில் எழுதாதேங்கோ. நான் இப்போது பெட்டியில் மிச்சம் இருக்கிற அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டு வருகிறேன். எத்தனையோ வாசல்களில் ஆட்கள் நிற்கிறார்கள்.