இறங்காத சீஃப் கெஸ்ட்

போன சனிக்கிழமை இருநூற்று முப்பத்தெட்டுப் பேருக்குப் பட்டம் கொடுத்தேன்.

நான் படித்தது எட்டாவது. அதிலும் பெயில்.

சிரிக்காதீர்கள். கறுப்பு அங்கி, தோளில் சிவப்புப் பட்டை, தலையில் தொப்பி… எல்லாம் போட்டிருந்தேன். உள்ளே காக்கி.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் அட்டெண்டர் என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பட்டமளிப்பு விழா. முதல் நாள் ஒத்திகை. ஒத்திகைக்கு சீஃப் கெஸ்ட் வருவாரா? மாட்டார். அவர் இடத்தில் யாராவது நிற்க வேண்டும். போட்டோகிராபர் லைட் பார்க்கணும். பிள்ளைகள் எந்தக் கையால் வாங்குவது என்று பழகணும். ஆறு வருடமாக நான்தான் நிற்கிறேன். என்ன தகுதி? உயரம். அப்புறம் நரைத்த தலை.

யோசித்துப் பார்த்தால் எங்கள் வேலையே இதுதான். பெரியவர்கள் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தடவை செய்து பார்ப்பது. மைக்கில் 'ஹலோ' சொல்வோம். நாற்காலி ஆடுகிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம். ஏ.சி. போட்டுவிட்டு நிற்போம். குளிர ஆரம்பித்ததும் வெளியே வந்துவிடுவோம்.

சனிக்கிழமை காலை ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்தது. பெயர் சுகன்யா. எம்.எஸ்சி. ஜுவாலஜி. பின்னால் அதன் அம்மா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. ஒத்திகைக்கு!

"அண்ணா, அம்மா கடைசி ரோல உக்காந்துக்கலாமா?"

"வெளியாளுங்கள விடக் கூடாதும்மா. நாளைக்குக் கூட்டிட்டு வா."

அம்மா முன்னால் வந்தார்.

"நாளிக்கு எங்கள உள்ள வுட மாட்டாங்களாமே? வெளிய பந்தல்ல உக்கார வெச்சு டிவில காட்டுவாங்களாம். டிவில பாக்கறதுக்கு கோவளத்துலேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி வரணுமாண்ணா?"

உண்மைதான். பாதுகாப்பு ஏற்பாடு. ஹாலுக்குள் பட்டம் வாங்குகிறவர்கள் மட்டும்.

"நமக்கு மீன் யாவாரம். ஞாயித்துக்கெழம வுட்டா வாரமே பூடும். சனிக்கெழமன்னா பாதிப் பேரு பெருமாளுன்னு மீனத் தொட மாட்டான். அதான் இன்னிக்கே வந்துகினேன். எம் பொண்ணு மேல ஏறி வாங்கறத இந்தக் கண்ணால பாக்கணும். பாத்துட்டுப் பூடறேன்."

"ம்மா… கத்தாத" என்றது சுகன்யா.

"இன்னாடி கத்தறேன்? அஞ்சு வருசமா மீனு, நண்டுன்னு படிச்சாளாம்ணா. வூட்ல ஒரு மீனக் கழுவித் தர மாட்டா."

கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி போட்டேன்.

ஒத்திகை ஆரம்பித்தது. எங்கள் சூப்பிரண்டு சார் மைக்கைப் பிடித்தார். நல்லவர். ஆனால் அவருக்கு விழாவை விட ரூல்தான் முக்கியம்.

"சீஃப் கெஸ்ட் மேடையை விட்டு இறங்கற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. மொபைல் எடுக்கக் கூடாது. பாத்ரூம் போகக் கூடாது. அவர் இறங்கினாத்தான் விழா முடிஞ்சுதுன்னு அர்த்தம். புரியுதா?"

மூன்று தடவை சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்.

பெயர் வாசிப்பது ஜுலைகா மேடம். தமிழ்த் துறை. அவர் வாசித்தால் ஒருவர் மேடை ஏறுவார். நான் ஒரு ஃபைல் கொடுப்பேன். உள்ளே ஒன்றும் கிடையாது. போட்டோவுக்கு நின்றுவிட்டு, அந்தப் பக்கம் இறங்கி, ஃபைலை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அது சுற்றி என்னிடம் திரும்ப வரும். மொத்தமே ஆறு ஃபைல்தான்.

பதினைந்து பேர் ஆனது. சூப்பிரண்டு சார் கையைத் தட்டினார்.

"போதும், போதும். மத்தவங்க நாளைக்கு இதே மாதிரி வந்து வாங்குங்க. சாப்பாடு ரெடி. மாணிக்கம், இறங்கு."

துறைகள் இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி வரும். பாட்டனி முன்னால். ஜுவாலஜி? எல்லோருக்கும் கடைசி.

கடைசி வரிசையைப் பார்த்தேன். அந்த அம்மா எழுந்து நின்று, எட்டி எட்டி மகளைத் தேடிக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டதா, இனிமேல்தானா… அவருக்குப் புரியவில்லை.

நான் இறங்கவில்லை.

"யோவ், இறங்குய்யா."

"இன்னும் புள்ளைங்க இருக்காங்க சார்."

"அதான் போதும்னேன்ல?"

நின்றேன்.

பிள்ளைகள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். முன் வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்து இழுத்தான். "மச்சான், உக்காருடா. சீஃப் கெஸ்ட் இன்னும் இறங்கல!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. எழுந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள்.

சூப்பிரண்டு சார் மேடை ஓரத்துக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "மாணிக்கம், பேஜார் பண்ணாத. நீ இன்னா நெஜ சீஃப் கெஸ்ட்டா?"

"நீங்கதான சார் அங்கி மாட்டி வுட்டீங்க."

பயம் இல்லையா? இருந்தது. அவர் நினைத்தால் திங்கட்கிழமை மெமோ வரும். அங்கிக்குள் காக்கிச் சட்டை வியர்த்து நனைந்துவிட்டது. வெளியே தெரியாது. அங்கியில் அது ஒரு வசதி.

அப்போது ஜுலைகா மேடம் மைக்கில் தொண்டையைச் செருமினார்.

"சார், நானும் எல்லாப் பேரையும் ஒரு தடவை வாசிச்சுப் பாத்துடறேனே. நாளைக்கு ஒரு பேரைத் தப்பா வாசிச்சா அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது."

"சாப்பாடு ஆறிடும் மேடம்."

"ஆறட்டும் சார். தயிர்சாதம்தானே?"

அவர் பதில் சொல்வதற்குள் மேடம் அடுத்த பெயரை வாசித்துவிட்டார்.

முக்கால் மணி நேரம். கால் வலித்தது. சிரிக்கச் சொன்னார் போட்டோகிராபர். சிரித்தேன். முதலில் பிள்ளைகள் விளையாட்டாகத்தான் வந்தார்கள். எனக்கு சல்யூட் அடித்தான் ஒருவன். நூறு பேரைத் தாண்டியதும் விளையாட்டு நின்றுவிட்டது. காலரைச் சரிசெய்துகொண்டு ஏறினார்கள். இரண்டு கையாலும் வாங்கினார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது.

ஜுவாலஜி வந்தது. சுகன்யா பெயரும் வந்தது. அந்தப் பெண் மேடை ஏறியது. காலி ஃபைலைக் கொடுத்தேன்.

"மெதுவாப் போ" என்றேன். அவ்வளவுதான்.

மெதுவாகப் போனது.

ஒத்திகையில் யாரும் கை தட்டுவதில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு ஜோடிக் கை தட்டியது. பலமான கை. அப்புறம் ஜுவாலஜி பிள்ளைகள் தட்டினார்கள். அப்புறம் மொத்த ஹாலும். சூப்பிரண்டு சார்கூட… இரண்டு தட்டு.

கடைசிப் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டு இறங்கினேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ரூல் அப்படி.

அங்கியை மடித்து வைத்தேன். மேஜையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். வாசலில் அந்த அம்மா.

"சோக்காக் குடுத்தீங்க சார்."

காலையில் அண்ணா. இப்போது சார்.

"நான் சார் இல்லம்மா. அட்டெண்டர். அந்த அங்கி சும்மா…"

"அது தெரியாதா எனக்கு? பெரிய ஆளுன்னா இம்மா நேரம் நிப்பாரா?"

மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் நிஜ சீஃப் கெஸ்ட் வந்தார். நல்ல மனிதர். எனக்குக்கூட வணக்கம் சொன்னார். பதினோரு மெடல் கொடுத்தார். ஃப்ளைட்டுக்கு நேரமாகிவிட்டது. இறங்கினார். மற்றவர்கள் அவரவர் துறை ஆபீஸுக்குப் போய், ஜன்னலில் கையெழுத்துப் போட்டு, பட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். சுகன்யாவையும் அந்த வரிசையில் பார்த்தேன்.

அந்த நேரத்தில் அதன் அம்மா கோவளத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்திருப்பார். ஒரு நஷ்டமும் இல்லை.