தேவராஜா அண்ணையின் வைன் போத்தல்

தேவராஜா அண்ணை வாழ்நாளில் ஒரு சொட்டு மது வாயில் வைத்ததில்லை. ஆனால் அவர் வேலை பார்த்ததோ வைன் தோட்டத்தில். மெல்பேண், கிளேட்டனில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். தோட்டம் மெல்பேணுக்கு வெளியே, யாரா பள்ளத்தாக்கில், ரொன், ஜூன் என்ற தம்பதியுடையது. ஒரேயொரு மேடு. இரசாயன மருந்து அடிக்க மாட்டார்கள், வேறு தோட்டத்துப் பழம் ஒன்றுகூடச் சேர்க்க மாட்டார்கள். அந்த மேட்டுத் திராட்சையில்தான் நுரைக்கிற வைன் செய்வார்கள். நான் அதை ஷம்பெய்ன் என்றால் ரொன்னுக்குப் பொல்லாத கோபம் வரும். அது பிரான்ஸ்காரனுடைய பெயர், இது என் மேடு என்பார்.

அறுவடைக் காலத்தில் நானும் பழம் வெட்டப் போவேன். விடிய முன்னமே என் பழைய காரில் புறப்படுவோம். அண்ணையின் மனைவி நாகேஸ்வரி அக்கா கட்டித்தந்த புட்டு அண்ணையின் மடியில் சுடச்சுட இருக்கும். அந்தக் காருக்குள் அடித்த சம்பல் வாசத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனம் ஏங்குகிறது. இப்போது என்னிடம் நல்ல கார் இருக்கிறது, பக்கத்து இருக்கையில்தான் ஆள் இல்லை.

முதல் நாள் வெட்டு எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். அண்ணை ஒரு பழத்தை வாயில் போட்டு முகத்தைச் சுளித்து, "புளிக்குது" என்பார். "அப்படியென்றால் வெட்டலாம்" என்று ரொன் கத்தியை எடுப்பார். நுரைக்கிற வைனுக்குப் பழம் நன்றாக இனிக்க முன்னமே வெட்ட வேண்டும். ரொன்னுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அந்தப் புளிப்புத்தான்.

2009 ஜனவரிக் கடைசியில் வெயில் கொளுத்தித் தள்ளியது. பழம் வாட முன்னம் வெட்டி முடிக்க வேண்டுமென்று அண்ணை ஓயாமல் நின்று வெட்டினார். இரண்டு கையும் கொப்பளித்துப் போயின. அடுத்த சனிக்கிழமை காட்டு நெருப்பு வந்தது. மேடு முழுக்கக் கருகியது. வெட்டிய பழத்தின் சாறு இருந்த கொட்டகை மட்டும் எப்படியோ தப்பியது.

பழைய கொடிகளின் கடைசி வைன் அதுதான். இரண்டு வருடம் கழித்து அது தயாரானபோது வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு போத்தல் கொடுத்தார் ரொன். என்னுடையதை நான் அன்றிரவே முடித்துவிட்டேன். அண்ணையின் போத்தலுக்கோ வீட்டில் இடம் இல்லை.

"சாமிப்படம் இருக்கிற வீட்டுக்க இது வேண்டாம். கிளென் வேவர்லி டொக்டரின்ர புதுவீட்டுக் குடிபூரலுக்குக் குடுப்பம்" என்று அக்கா தீர்ப்புச் சொல்லி, தானே வண்ணத்தாள் சுற்றிக் கொடுத்தார்.

2013 வசந்தத்தில் ஜூன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். ரொன்னுக்கு இனி வைத்தியம் இல்லை. அந்த 2009 வைனை ஒருமுறை ருசிக்க ஆசைப்படுகிறார், விற்றது போக ஒன்றும் மிச்சமில்லை, உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணை இல்லை என்று சொல்லவில்லை. கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு வியர்த்துப்போய் என்னிடம் வந்தார்.

கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்கப் போவதைப் போன்ற மானக்கேடு வேறில்லை. அக்காவுக்குச் சொல்லாமல் போனோம். டொக்டர் வரதராஜா வீட்டில் அண்ணை மூன்று கதிரை மாறி இருந்தார். கடைசியில் நான்தான் கேட்டேன்.

"வைனோ? நீங்கள் தந்தது சுடுதண்ணிப் போத்தல் எல்லே. நான் தினமும் கிளினிக்குக்குத் தேத்தண்ணி கொண்டு போறன்" என்று குசினிக்குள் போய் எடுத்து வந்து காட்டினார் டொக்டர்.

வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணை அக்காவின் முன்னால் நின்று, "ரொன் சாகப்போறார். அந்தப் போத்தல் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா அறைக்குள் போனார். அலுமாரியின் அடித்தட்டில் அவருடைய கூறைச்சேலை மடிப்புக்குள் போத்தல் படுத்திருந்தது.

"கை வெந்து வந்து நிண்டியள். நான்தானே எண்ணெய் பூசிவிட்டனான். அப்பிடி வெட்டின பழத்தை ஆருக்கும் தூக்கிக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை" என்றார். "சொன்னா நீங்கள் குடிச்சுப் பழகிடுவியள் எண்டுதான் சொல்லேல்லை."

அண்ணை அழுதார்.

அடுத்த நாள் மூவரும் போனோம். மேட்டைப் பார்த்தபடி ரொன்னின் கட்டில் போட்டிருந்தது. ஜூன் போத்தலைத் திறந்து ஒரு கரண்டியளவு அவர் வாயில் விட்டார். அவர் அதை வெகுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். பிறகு அண்ணையைக் காட்டி, அவருக்கும் கொடு என்றார்.

அண்ணை கிளாஸைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார்.

"குடியுங்கோ" என்றார் அக்கா.

ஒரு மிடறுதான் குடித்தார். முகம் பழையபடி சுளித்தது. "புளிக்குது" என்றார்.

ரொன் சிரிக்கப் பார்த்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று அக்கா கேட்டார். நான் சொன்னேன்.

"அப்ப வெட்டலாமாம், அக்கா."