எடுத்து வைத்த பாடங்கள்

கொரோனா வந்து கல்லூரியைப் பூட்டியபோது எங்கள் நிர்வாகம் செய்த முதல் காரியம், எல்லாப் பாடத்தையும் ஆன்லைனுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு போட்டது. எதை வைத்து மாற்றுவது, யார் சொல்லித்தருவது என்று ஒரு வார்த்தை கிடையாது. தூத்துக்குடியில் ஒரு தனியார் பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொள்பவள் நான். ஆகவே அது தானாக என் தலையில் வந்து விழுந்தது. மேடையேறினால் மைக்கை விடாத பேராசிரியர்களெல்லாம் எனக்கு போன் போட்டு, முகம் தெரிகிறது, சத்தம் வரவில்லை என்றார்கள். சத்தத்தை வரவைத்தால் முகம் போனது.

பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் சிக்னல் கிடையாது. விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகள் மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் பாடம் விட்டுவிட்டுத்தான் கேட்டது. அதனால் பாடத்தை வீடியோவாக எடுத்து அனுப்பிவிடலாம் என்று முடிவானது. முதலில் சம்மதித்தவர் வணிகவியல் மிஸ்.

அவர் ஆழ்வார்திருநகரிப் பக்கம் வயல்காட்டுக் குடும்பத்துக்காரர். எங்கள் கல்லூரியில் வருடக்கணக்காகக் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் கல்லூரி கூப்பிட்டால் வேலை உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. கணவர் இல்லாத வீடு. அந்த ஒரு வேலையை நம்பித்தான் ஓடியது. மே மாதம் பிறந்தாலே அவர் முகம் வாடிவிடும்.

ஆளில்லாத வகுப்பில் கேமராவைப் பார்த்துப் பேச அவருக்கு வரவே இல்லை. நாலு வாக்கியம் பேசுவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் என்னைக் கூப்பிட்டு முதல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"ஏளா, நீ எனக்கு மொகத்தைக் காட்டிக்கிட்டு இரு. புரியலன்னா புரியலன்னு தலைய ஆட்டு. மொகத்தைப் பாக்காம எனக்குப் பாடம் வராது."

அப்படியே செய்தோம். ஏற்றுமதி நடைமுறையை அவர் உப்பில் ஆரம்பிப்பார். உப்பளத்திலிருந்து ஒரு லோடு கிளம்பும். லாரியில் ஏறும்போது ஒரு காகிதம், துறைமுக வாசலில் ஒரு காகிதம், சுங்கத்தில் ஒன்று, கப்பலில் ஏறிய பிறகு ஒன்று. அளத்திலும் ஹார்பரிலும் வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. நடுவே நிறுத்தி, வழியில் உப்பு நனைந்து போனால் நட்டம் யாருக்கு என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். வீடியோவில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, வெட்டிவிடுகிறேன் என்றேன். வெட்டக் கூடாது, பிள்ளைகள் அப்போதுதான் யோசிக்கும் என்றார்.

மழை, மின்வெட்டு, தெருவில் மீன்காரர் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே முழுப் பாடத்தையும் எடுத்து முடித்தோம். முதல்வர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுப் பாராட்டினார். இது கல்லூரியின் சொத்து என்றார். மிஸ் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டார். இனி ஜூன் மாதத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்று நினைத்திருப்பார் பாவம்.

கல்லூரி திறந்தது. பிள்ளைகள் வந்தார்கள். மிஸ்ஸைக் கூப்பிடவில்லை.

அவரே நேரில் வந்து கேட்டார். "அதான் வீடியோ இருக்கே, மேடம்" என்றாராம் முதல்வர். சிரித்துக்கொண்டே சொன்னாராம். மிஸ் லேப்புக்கு வந்து என்னிடம் இதைச் சொன்னபோது அழவில்லை. வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு என்று சொல்லி வாங்கிய பாடம் அது. வாங்கி வைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தவரை வெளியே அனுப்புவது திருட்டு இல்லாமல் வேறு என்ன?

வகுப்பில் படம் போடும் வேலை எனக்கு வந்தது. திரையில் மிஸ் வந்து, நட்டம் யாருக்கு என்று கேட்டுவிட்டு நின்றார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் நாள் நிஜமாகவே பதில் சொன்னார்கள். சரி என்றும் தப்பு என்றும் யாரும் சொல்லவில்லை. மறுநாள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த இடம் வந்தால் போனை எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் ஒருத்தி என்னைப் பார்த்துக் கை தூக்கினாள். மழையில் நனைந்தால் ஒரு கணக்கு, கப்பலில் கடல் தண்ணீர் பட்டு நனைந்தால் வேறு கணக்கா என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! எனக்கு எப்படித் தெரியும்? முதல்வரிடம் போய், பிள்ளைகள் சந்தேகம் கேட்கிறார்கள், பதில் சொல்ல ஆள் வேண்டும் என்றேன்.

"புரியலன்னா திருப்பிப் போட்டுக் காட்டுங்கம்மா" என்றார்.

இப்படியே சில வருடம் ஓட்டினார்கள். இந்த வருடம் ஏற்றுமதி விதிகளில் சிலது மாறிவிட்டது. திரையில் மிஸ் பழைய விதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பெற்றோர் ஒருவர் வந்து சத்தம் போட்ட பிறகுதான் நிர்வாகத்துக்கு உறைத்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, அந்த மேடத்திடம் பேசி அந்த ஒரு பகுதியை மட்டும் புதிதாகப் பேசித் தரச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலைதானே என்றார். பத்து நிமிஷமாம். வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். அதெல்லாம் இப்போது எதற்கு என்றார்.

மிஸ் இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்குக்குச் சுங்கக் காகிதம் முடித்துக்கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் பில் போடுகிறார். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். முதலில், பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று விசாரித்தார். கை தூக்கியவள் கேட்டதைச் சொன்னேன். அது இன்ஷூரன்ஸ் பாடத்தில் வரும், ரெண்டும் வேறு வேறு கணக்குதான், நேரில் இருந்தால் அவளை வைத்தே விளக்கியிருப்பேன் என்றார். அந்தப் பத்து நிமிஷத்துக்கு முதல்வரிடம் என்ன சொல்ல என்று கேட்டேன்.

"என்னையத்தான் பெட்டிக்குள்ள புடிச்சி வச்சிருக்காவளே. உள்ள இருக்கவகிட்டயே கேட்டுக்கிடச் சொல்லு, ஏளா."

ஒரு எழுத்து குறையாமல் போய் முதல்வரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார்.

"அவங்க குரல்தான் நம்மகிட்ட மணிக்கணக்கா இருக்கே. இப்பதான் ஏ.ஐ. வந்துட்டுல்லா. அதை வச்சே புது விதியைப் பேச வச்சிரலாமே. உங்களுக்கு அது தெரியாதாம்மா?"

"தெரியும், சார்" என்றேன். "செய்ய மாட்டேன்."