தணிகைவேல் சுருக்கமாகப் பேசிய நாள்

திருப்பதிக்கு வெள்ளைக்காரப் பிரசங்கியார் யார் வந்தாலும் மேடையில் இரண்டாவது மைக் ஒன்று வைப்பார்கள். அது தணிகைவேலுக்கு. வாரநாட்களில் ரேணிகுண்டா சாலையில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வாத்தியார்; ஞாயிற்றுக்கிழமை வந்தால் மொழிபெயர்ப்பாளர். சொந்த ஊர் நகரி. ஞானஸ்நானத்தில் அவருக்குத் தானியேல் என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் சபை வாசலைத் தாண்டி ஒருநாளும் வெளியே வந்ததில்லை. அவருடைய பாஸ்டர் கதையும் அதுதான். ஞானஸ்நானப் பேர் எலியா. ஊருக்கு அவர் பாஸ்டர் ஏழுமலை. திருப்பதியில் இந்தப் பேரை வைத்துக்கொண்டு சுவிசேஷம் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். பாஸ்டரிடம் தைரியத்துக்குப் பஞ்சமே இல்லை.

பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொன்னால் தணிகைவேல் நான்கு சொல்வார். சபை தமிழானால் தமிழில், தெலுங்கானால் தெலுங்கில். ஒருமுறை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த போதகர் ஒருவர், காலையில் ஹோட்டலில் தின்ற காரச் சட்னியால் வயிறு எரிகிறது, சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன், மன்னியுங்கள் என்றார். தணிகைவேல் கண்ணை மூடி, கையை உயர்த்தி, "ஐயாவுக்குள்ளே அக்கினி இறங்கியிருக்கிறது! அதைத் தாங்க முடியவில்லை என்கிறார்!" என்று முழங்கினார். சபை எழுந்து நின்று அல்லேலூயா போட்டது. தன் வயிற்றுக்காக ஒரு ஊரே இப்படி மன்றாடுகிறதே என்று போதகர் கண் கலங்கிப்போனார்.

இதில் மயங்காத ஒரே ஆள் அவர் மனைவி மனோரமா. "அந்தாளு ஒரு வார்த்த பேசினா நீங்க ஒரு வண்டி பேசறீங்க. நாளைக்கு மேல போனா உங்களத்தான் மொதல்ல நிக்கவெச்சு கேப்பாங்க" என்பாள்.

பாஸ்டர் ஏழுமலையின் சபைக்கு அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் ஒரு சகோதர சபை உண்டு. அங்கே டெப்ரா என்று ஒரு அம்மாள், அவள் புருஷன் டாரல். அவர்களுக்கு மூன்று பையன்கள். டாரல் வீடுகளுக்கு ஏசி மாட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து டெப்ரா பேசிவிடுவாள். சில வருஷங்களுக்கு முன் டெப்ராவுக்கு ஒரு கனவு வந்தது. மலையடிவாரத்தில் ஒரு சிறு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பாஸ்டரிடம் போனில் சொன்னபோது, "எத்தனை மலை, சகோதரி?" என்று பாஸ்டர் கேட்டார். எண்ணவில்லையே என்றாள் டெப்ரா. அடுத்த வாரம் பேசும்போது மலைகள் ஏழாகிவிட்டன.

அதிலிருந்து தொடங்கியது அவர்களுடைய விசுவாசப் பயணம். தத்தெடுப்புக்கு மனு போட்டார்கள். டெப்ரா வாராவாரம் அதை வீடியோ எடுத்து உலகத்துக்குச் சொன்னாள். காகிதம் வந்தால் அது கர்த்தர் செயல். வராவிட்டால் சாத்தானின் தடை. இரண்டுக்கும் நடுவே அலுவலகம் என்ற ஒன்றும் அதற்கு விடுமுறை நாட்களும் இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளையின் முகத்தை வெளியே காட்டக்கூடாது என்று சட்டம் சொன்னதால், படத்தில் முகத்துக்கு மேலே ஒரு சிவப்பு இதயத்தை ஒட்டினார்கள். அந்த இதயம் போட்ட பனியனை ஓக்லஹோமா சபையே அணிந்துகொண்டு ஜெபித்தது. பிள்ளைக்குக் கிரேஸ் என்று பேரும் வைத்தாயிற்று.

பிள்ளையின் பேர் பவ்யா. வயது ஏழு. கைக்குழந்தையாகச் சித்தூரில் உள்ள ஆதரவற்ற குழந்தைகள் ஹோமுக்கு வந்தவள். வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். நம் நாட்டுக் குடும்பங்களுக்குத்தான் முதல் உரிமை என்பதால் சிலர் வந்து பார்த்தார்கள். முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பாதத்தைப் பார்த்ததும் வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்றார்கள். அந்த வீடுகளில் இன்னும் கலந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள் போலும்.

ரேணிகுண்டா விமான நிலையத்தில் டெப்ராவையும் டாரலையும் வரவேற்று, கூடவே இருந்து பேச்சுக்குப் பேச்சு மொழிபெயர்ப்பது தணிகைவேலின் பொறுப்பானது. அவர் பள்ளிக்கு லீவு போட்டார். முதல் நாள் திருப்பதி பேருந்து நிலையத்தைக் கடக்கும்போது மொட்டைத் தலையோடு ஆணும் பெண்ணும் குழந்தையுமாகக் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்த்து டெப்ரா பதறிவிட்டாள். இந்த ஊரில் இத்தனை பேருக்குப் புற்றுநோயா என்று காருக்குள்ளேயே ஜெபிக்கத் தொடங்கினாள். அது வேண்டுதல், கடவுளுக்கு முடியைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்று தணிகைவேல் விளக்கினார்.

"எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்" என்றார் டாரல். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் சித்தூர். ஹோமில் பவ்யாவை வளர்க்கிற கமலம்மா, தமிழ் பேசுகிற நகரிப் பக்கத்துக்காரி. அதனால் பவ்யாவுக்குப் பள்ளியில் தெலுங்கு, கமலம்மாவிடம் தமிழ், பாடப் புத்தகத்தில் இங்கிலீஷ். டெப்ரா அவளைப் பார்த்ததும் மண்டியிட்டாள். உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் உன்னை எங்கள் இருதயத்தில் வைத்துவிட்டார் என்று ஆரம்பித்து, பேச முடியாமல் தேம்பித் தேம்பி அழுதாள். டாரல் கையில் இருந்த போன் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. தணிகைவேல் அதைத் தமிழில் நல்ல செழிப்பாகச் சொன்னார். அவர் குரலும் கொஞ்சம் உடைந்தது.

பவ்யா கமலம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இந்தம்மா ஏன் அழுவுது? யாராவது அடிச்சிட்டாங்களா?"

"என்ன சொன்னாள்?" என்றாள் டெப்ரா, கண்ணைத் துடைக்காமல்.

தணிகைவேல் ஒரு கணம் தயங்கினார். பிறகு தொழில் ஜெயித்தது. "உங்களுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்கிறாள், சிஸ்டர்."

டெப்ரா மறுபடியும் அழுதாள். பவ்யா தணிகைவேலை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் அப்பிடிச் சொல்லல" என்றாள். அதையும் மொழிபெயர்க்கச் சொல்லி டெப்ரா கேட்டபோது, பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று சொல்லிச் சமாளித்தார்.

சாயங்காலத்துக்குள், பிள்ளை முகத்தில் சிவப்பு இதயம் ஒட்டிய அந்த வீடியோ ஓக்லஹோமா முழுக்கச் சுற்றியது. திருப்பதிக்கும் வந்து சேர்ந்தது. பாஸ்டர் ஏழுமலை தணிகைவேலைக் கட்டிப்பிடித்து, "பின்னிட்ட தம்பி! அங்க ஜனங்க அழுதுக்கினு இருக்காங்களாம்" என்றார். தணிகைவேல் மனோரமாவிடம் பெருமையாகக் காட்டினார். மனோரமா வீடியோவை இரண்டு தடவை பார்த்தாள். பிள்ளை பேசியது அதில் தெளிவாகவே கேட்டது.

"அது ஒண்ணு கேக்குது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. பொறந்ததுலேருந்து அதுங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல. இப்ப அது வாயத் தொறந்தா அதயும் நீங்களே பேசிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். தணிகைவேலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரமே மாவட்ட அதிகாரி முன்னால் தத்தெடுப்பு விசாரணை வந்தது. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளையானால் அதன் சம்மதத்தைக் கேட்க வேண்டும். அதிகாரி விசாகப்பட்டினத்துப் பெண்மணி. தெலுங்கும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் தெரியாது. பவ்யாவுக்குத்தான் தெலுங்கு தெரியுமே, மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கமலம்மா பவ்யாவோடு வந்திருந்தாள். பாஸ்டரும் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆத்தும ஆதரவுக்காம். முந்தின நாளே ஹோமுக்குப் போய்ப் பவ்யாவுக்கு ஒரு வசனத்தை மனப்பாடம் செய்வித்திருந்தார்.

அதிகாரி தெலுங்கில் அன்பாகத்தான் கேட்டார். பவ்யா வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பயம் வந்தால் கமலம்மா பாஷைதான் வரும். "நான் தமிழ்லதான் பேசுவேன்" என்றாள். அறையில் இருந்தவர்கள் தணிகைவேலைப் பார்த்தார்கள். தெலுங்கில் வேண்டாம், டெப்ராவுக்கும் டாரலுக்கும் புரியும்படி ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள் என்றார் அதிகாரி.

தணிகைவேல் பவ்யாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "சொல்லும்மா, பாஸ்டர் ஐயா சொல்லிக்குடுத்தது" என்று பின்னாலிருந்து பாஸ்டர் குரல் வந்தது.

பவ்யா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்த ஊட்ல கக்கூஸ் உள்ள இருக்குமா, வெளியவா? ராத்திரில என்னால ரொம்பத் தூரம் நடக்க முடியாது" என்றாள்.

தணிகைவேலுக்கு நாக்கு நுனியில் ஒரு செழிப்பான வாக்கியம் தயாராக நின்றது. உங்கள் வீட்டில் எனக்கொரு இடம் உண்டா என்று கேட்கிறாள் என்பது போல ஒன்று. பவ்யா அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "கரெக்டா சொல்லு" என்றாள்.

அவர் கரெக்டாகச் சொன்னார். கக்கூஸ் உள்ளேயா, வெளியேயா.

டெப்ராவின் வாய் பாதி திறந்து நின்றது. டாரல்தான் சிரித்தார். "உள்ளேதான். அவள் அறைக்குப் பக்கத்திலேயே" என்றார். பவ்யா தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"என் பேரு பவ்யா. கிரேஸுன்னு கூப்ட்டா வேற யாரையோ கூப்புடறாங்கன்னு நான் பாட்டுக்கு உக்காந்துக்கினு இருப்பேன்."

சொன்னார். டெப்ராவின் முகம் சிவந்தது. ஓக்லஹோமாவில் அத்தனை பனியன்களிலும் கிரேஸ் என்று அச்சடித்திருந்தது.

"இந்தம்மா எப்பப் பாத்தாலும் அழுவுது. ஊட்லயும் இப்பிடித்தானா?"

தணிகைவேல் டெப்ராவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு அதையும் சொன்னார். அதிகாரி பேனாவை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டார். டெப்ரா, முயற்சி செய்கிறேன் என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. பவ்யா, பார்த்தாயா என்கிற மாதிரி கமலம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசிக் கேள்வியை அவள் மெதுவாகத்தான் கேட்டாள். "அங்க ஆஸ்பத்திரில என் காலை அறுத்துப்புடுவாங்களா?"

தணிகைவேல் ஒரு வார்த்தையும் கூட்டாமல் சொன்னார். டாரல் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். தன் ஷூவையும் காலுறையையும் கழற்றினார். கணுக்காலில் ஒரு நீளமான தழும்பு. கூரையிலிருந்து விழுந்து எலும்பு விலகியதாம், வெட்டித் திருத்தினார்களாம், அறுத்து எடுக்கவில்லையாம். பவ்யா விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாள்.

"வலிச்சுதா?"

"ரொம்ப" என்றார் டாரல்.

பின்னால் பாஸ்டர் கனைத்தார். கர்த்தர் பிள்ளைகளுக்கு வலி இல்லை என்று அவர் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். தணிகைவேல் திரும்பாமல், "ரொம்ப வலிச்சுதாம்" என்றார்.

பவ்யா தழும்பிலிருந்து விரலை எடுத்தாள். "சரி. போய்ப் பாக்கறேன்" என்றாள்.

"சரி, போய்ப் பார்க்கிறேன் என்கிறாள்" என்று தணிகைவேல் முடித்தார். வேறு ஏதாவது சொன்னாளா என்று டெப்ரா கேட்டாள். இல்லை, அவ்வளவுதான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் ஸ்தோத்திரக் கூட்டம். தாம் உபவாசம் இருந்து சாத்தானின் கட்டுகளை உடைத்ததால்தான் அதிகாரியின் மனம் இளகியது என்று பாஸ்டர் சாட்சி சொன்னார். பிறகு டெப்ரா மேடையேறினாள். "ஒரு சிறுமியைக் காப்பாற்ற தேவன் என்னை அனுப்புகிறார் என்று நினைத்தேன். அவள் என்னிடம் கக்கூஸ் எங்கே என்று கேட்டாள். நான் அவளை ஒன்றுமே கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது" என்றாள். தணிகைவேல் அதை அப்படியே, அதே அளவில் சொன்னார். சபைக்கு எந்த இடத்தில் ஆமென் போடுவது என்று தெரியவில்லை. மனோரமா மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாக ஒரு ஆமென் போட்டாள்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு அம்மாள் பெருமூச்சு விட்டாள். "என்ன இருந்தாலும் நம்ம புள்ள. வெள்ளக்காரங்க தூக்கிக்கினு போறாங்களே. சொல்லியிருந்தா நாங்களே எடுத்திருப்போம்."

"வருஷா வருஷம் உங்க பையன் பர்த்டேக்கு அதே ஹோமுக்குத்தான் கேக்கு எடுத்துக்கினு போனீங்க. அந்தப் புள்ளய மடியில வெச்சு போட்டோகூட எடுத்தீங்க. அப்பத் தெரியலையாக்கா?" என்றாள் மனோரமா. அந்த அம்மாளுக்கு டீ சூடாக இருந்தது போலும், ஊதிக்கொண்டே நகர்ந்துவிட்டாள்.

தணிகைவேலைப் பற்றியும் பேச்சு வந்தது. இன்றைக்கு அவர்மேல் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இல்லை என்று மூத்தவர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, "ரொம்ப டிரையா பண்ணிட்டியேப்பா. ஜனங்களுக்கு ஏதாவது குடுக்கணும் இல்ல?" என்றார். அடுத்த கன்வென்ஷன் கூட்டத்துக்கு ஏர்பேட்டிலிருந்து ஒரு இளைஞனை வரவழைத்தார்கள். அவன் ஒன்றுக்கு ஆறு சொன்னான். தணிகைவேல் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டார். இரண்டு பாஷையும் தெரிந்தவனுக்கு அங்கே உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

பவ்யாவின் பாஸ்போர்ட்டில் பவ்யா கிரேஸ் என்று போட்டார்கள். பவ்யா முன்னால் இருக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை. புறப்படுகிற அன்று கமலம்மா விமான நிலையத்துக்கு வரவில்லை. வந்தால் அந்த வெள்ளைக்காரம்மாவோடு சேர்ந்து நானும் ஆரம்பித்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினாள்.

இப்போது சனிக்கிழமை காலையில் கமலம்மா பஸ் பிடித்துத் தணிகைவேல் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஓக்லஹோமாவில் அப்போது வெள்ளி இரவு. பவ்யாவின் காலில் மாவுக்கட்டு. அதன்மேல் மூன்று அண்ணன்மார்களும் பொம்மை வரைந்திருக்கிறார்கள். வலிக்கிறதா என்றால், "வலிக்குதுதான், இன்னா இப்ப?" என்கிறாள். டெப்ராவின் கவலை வேறு. பிள்ளை தயிர்சோறு தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறாள்; அந்தச் சோறும் ஒருநாள் களியாகிறது, ஒருநாள் விறைக்கிறது.

"எத்தினி தண்ணி வெக்கிறான்னு கேளுங்க சார். எத்தினி வெச்சாலும் கொழையுதுன்னா அது பச்சரிசி. புழுங்கரிசி வாங்கச் சொல்லுங்க" என்றாள் கமலம்மா.

தணிகைவேலுக்குப் புழுங்கல் அரிசிக்கு இங்கிலீஷ் சட்டென்று வரவில்லை. ஒரு நிமிஷம் இருங்கள் என்று டெப்ராவிடம் சொல்லிவிட்டு, அலமாரியில் அகராதியைத் தேடினார்.