மதினியின் பெயர் வைக்காத டிசைன்கள்

அழித்தது நீங்கள். மதினி அல்ல. கோயம்புத்தூரில் உங்கள் எம்பிராய்டரி மெஷின் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ராஜபாளையத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குள் நெட் வழியாக நுழைந்து, திரையில் வந்த கேள்வியை முழுதாகப் படிக்காமல் ஓகே கொடுத்தீர்கள். மதினி அப்போது இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, தன்னுடைய திரையில் இன்னொருவர் நகர்த்தும் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி எனக்கு உறவு இல்லை. ராஜபாளையத்தில் நைட்டிக்கு எம்பிராய்டரி போடும் ஒரு யூனிட்டில் டிசைன் வரைந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். யூனிட்டில் எல்லோருக்கும் மதினிதான், முதலாளிக்கும் கூட. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. யூனிட்டில் எந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேரானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போனதும், "வாரும் கொழுந்தனாரே, டீ குடிக்க வந்தீரா, வேலை பாக்க வந்தீரா?" என்பார். நைட்டியின் நெஞ்சுப் பக்கம் வரும் பூவும் கொடியும் அவர் கம்ப்யூட்டரில் வரைந்தவை. அதைப் பார்த்து மெஷின் தைக்கும். இந்தப் பக்கத்து வீடுகளில் எத்தனையோ பெண்கள் அவர் வரைந்த பூவைப் போட்டுக்கொண்டு வாசல் தெளிக்கிறார்கள். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

அவர் டிசைன் வரைய வைத்திருந்த சாப்ட்வேர் பழையது. பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனபோது புதியதை வாங்கி, அதற்குள் வெர்ச்சுவல் மெஷின் போட்டுக் கொடுத்தேன். அதாவது, கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய விண்டோஸோடு இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும். பெயரைச் சொன்னதும் மதினி முகத்தைச் சுளித்தார். "வாயில நுழையல. உள்வீடுன்னு வச்சுக்கிடுதேன்." அதிலிருந்து யூனிட்டுக்கே அது உள்வீடு. மதினி எங்கே என்று கேட்டால், "அவிய உள்வீட்டுல இருக்காவ" என்று பதில் வரும்.

அந்த யூனிட்டில் ஒரு வழக்கம். மெஷினிலிருந்து முதல் சாம்பிள் வந்து, அதை எல்லோரும் பார்த்த பிறகுதான் டிசைனுக்குப் பெயர் வைப்பார்கள். மாம்பிஞ்சு, ரயில்வே கேட், கோழிக்கால் என்று என்னென்னவோ பெயர்கள். கோணலாக வந்த ஒன்றுக்கு முதலாளி மூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். முதலாளியே அதை அந்தப் பெயரில் விற்றார். சாம்பிளுக்கு முன்னால் பெயர் வைத்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்று நம்பிக்கை. பெயர் இல்லாமல் ஃபைலைச் சேமிக்க முடியாது. அதனால் மதினி சேமிக்க மாட்டார். வரைந்ததையெல்லாம் திறந்தபடியே வைத்து, சாயங்காலம் உள்வீட்டை அப்படியே தூங்க வைத்துவிட்டுப் போவார். காலையில் எழுப்பினால் விட்ட இடத்தில் விட்ட கோடு நிற்கும். வெர்ச்சுவல் மெஷினில் அதற்கு வசதி உண்டு. "பேர் வேண்டாம் மதினி, நம்பராவது போட்டு வைங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "நம்பர் போட இது என்ன ஜெயிலா?" என்றார். பல வருடங்கள் அப்படித்தான் நடந்தது. ஒரு கோடுகூடப் போனதில்லை.

இந்தத் தீபாவளிக்கு வெளி டிசைன் வாங்கப் போவதில்லை, மதினி வரைந்தது மட்டும்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். தளவாய்புரத்திலிருந்து மொத்த வியாபாரி திங்கட்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் இனி வருடம் முழுக்க மதினியின் டிசைன்தான். வியாபாரி முன்னால் எல்லாச் சாம்பிளையும் சேர்த்து ஓட்டலாம் என்று அத்தனை டிசைனும் பெயர் இல்லாமல் உள்வீட்டுக்குள் கிடந்தன.

அந்த வாரம்தான் நீங்கள் விற்ற புது மெஷின் வந்து இறங்கியது. அது கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமென்றால் வெர்ச்சுவல் மெஷின் சாப்ட்வேரைப் புது வெர்ஷனுக்கு மாற்ற வேண்டும் என்றீர்கள். அப்கிரேடு பாதியில் நின்றது. மறுபடி ஓட்டினீர்கள், முடிந்தது. ஆனால் உள்வீடு திறக்கவில்லை. தூங்க வைத்த நிலை பழைய வெர்ஷனுடையது, இதில் எழுப்ப முடியாது, அழித்துவிடவா என்று திரை கேட்டது. இந்த வேலை தெரிந்த எவனும் அங்கே கையை எடுத்துவிடுவான். புதியதைக் கழற்றிப் பழைய வெர்ஷனைப் போட்டு, எழுப்பி, சேமித்துவிட்டு மற்றதைப் பார்ப்பான். போனில் மதினி கேட்டிருக்கிறார்: "உள்ள என் டிசைனெல்லாம் கெடக்கு சார். போயிராதுல்லா?" நீங்கள் சொன்னது: "அதெல்லாம் போகாதுங்க்கா. பழைய குப்பைதானுங்க, கிளியர் பண்ணுனா சரியாயிடும்." போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்து மெஷினில் நின்ற பெண்கள் கேட்டிருக்கிறார்கள்.

நான் போனபோது உள்வீடு நன்றாகத் திறந்தது. கழுவிவிட்ட மாதிரி இருந்தது. டிசைன் சாப்ட்வேரில் வெறும் கட்டம் மட்டும். பழைய வெர்ஷனைப் போட்டுப் பார்த்தேன். எழுப்புவதற்கு அங்கே எதுவும் தூங்கவில்லை. அழிந்த ஃபைலை மீட்கும் சாப்ட்வேரை ஓட்டினேன். புது வகை டிஸ்க், அழித்ததைத் தானே துடைத்தும் விடுகிறது. தூங்க வைத்த நிலை இருந்த ஃபைலின் பெயர் மட்டும் கிடைத்தது, உள்ளே ஒன்றும் இல்லை. மதினி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் ஒவ்வொரு வரி வரும்போதும் குனிந்தார். "அதுல ஏதும் இருக்கா கொழுந்தனாரே?" இல்லை என்றேன். "செத்த நேரம் பொறுத்துப் பாரும்." பொறுத்துப் பார்த்தேன். நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லாமல், சும்மா எதையாவது ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே, "போதும், எந்திரியும்" என்றார்.

பென்சிலில் மறுபடி வரைந்து பார்த்தார். ஒரு பூ வந்தது. அடுத்ததற்குக் காம்பு எந்தப் பக்கம் திரும்பியது என்று நினைவில்லை. "கை மறந்துட்டு" என்றார். திங்கட்கிழமை வியாபாரி வந்தார், பார்க்க ஒன்றும் இல்லை, போய்விட்டார். முதலாளி யாரிடமோ பென்டிரைவில் ரெடிமேட் டிசைன் வாங்கினார். அதற்கு வரைகிறவர் தேவையில்லை. மதினி இப்போது அதே யூனிட்டில் பிசிறு வெட்டுகிறார். யாரோ வரைந்த பூவைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கிறார். நான் போனால் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார். கேலி பேசுவதில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

அது போதாதென்று, இந்த வட்டாரத்து யூனிட்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதினீர்கள்: ஆபரேட்டர் முறையாக ஷட்டவுன் செய்யாததால் டேட்டா போனது, எங்கள் பக்கம் தவறில்லை. வரிசையாகக் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மதினி அந்தக் குழுவில் இல்லை. தளவாய்புரத்தில் ஒரு யூனிட்டில் டிசைன் வேலை கேட்டுப் போனவரிடம், "ஏட்டி, மெஷின அணைக்கத் தெரியாதவ நீதானா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

டிசைன்களைத் திருப்பிக் கேட்கவில்லை. அவை வராது. வேறொன்றைத்தான் கேட்கிறேன். நான் அந்தக் குழுவில் இருக்கிறேன். நீங்களும் இருக்கிறீர்கள். தனியாக எனக்குப் போன் போட்டுச் சமாதானம் பேச வேண்டாம், நான் எடுக்க மாட்டேன். போகாது என்று அந்த அம்மாளிடம் எதை வைத்துச் சொன்னீர்கள்? அந்தக் குழுவிலேயே, அத்தனை முதலாளிகளும் படிக்கும்படி, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.